தண்ணீர் எடை, வண்டி எடை

எங்கள் எடைமேடை அறைக்கு ஏழு படிகள். இருபத்தாறு வருஷமாக ஏறி இறங்குகிற படிகள். ஒரு நாள் காலையில் நாலாவது படியில் நின்றுவிட்டேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு, கக்கத்தில் குடை. மூச்சு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் போதவில்லை. கீழே உப்பு ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன அண்ணாச்சி, படியில நின்னு ஜெபம் பண்ணுதீயளா?" என்று கேட்டான். நானும் சிரித்து வைத்தேன். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பெயர் மிக்கேல். வயது ஐம்பத்துநாலு. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற வேலை. வண்டி வெறுமையாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு வரும்போது ஒரு எடை. பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. வெறும் வண்டியின் எடையை வண்டி எடை என்போம். உலகத்துக் கணக்கெல்லாம் இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த நம்பிக்கை என்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்பதைத்தான் எழுதுகிறேன். இதய நோய் வந்தவர்கள் படித்தால் நல்லது. அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

படியில் நின்றதை வீட்டில் சொல்லவில்லை. வயசாகிறது, தொப்பை போட்டுவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் என் மனைவி பிலோமியின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. அவள் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் இறாலைத் தரம் பிரிக்கிறவள். ஓடுகிற பெல்ட்டில் ஒரு நிறம் மாறிய இறாலைக் கண்டுபிடிக்கிற கண். என் செருப்பு வார் காலில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள். கட்டை விரலால் என் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பிசைந்த மாவில்தான் அப்படி நிற்கும்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"இப்பத்தான் ஒரு நாலு நாளா..."

"நாலு நாளா? மூணு தலகாணி வச்சு உக்காந்துக்கிட்டே தூங்குதீய, அது ஒரு மாசமா நடக்குது. நா பாக்கலன்னு நெனச்சீயளா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். காத்திருக்கும் அறையில் வரிசையாக இரும்பு நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடுகிற டி.வி. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்து, 'நம்மைவிட இவருக்கு மோசம்' என்று தேறுதல் அடைந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒருவரைப் பார்த்துத் தேறினேன். கொஞ்ச நேரத்தில் அவர், வேறு யாருக்கோ மாத்திரை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

முதலில் இ.சி.ஜி., பிறகு எக்கோ. எக்கோ என்பது நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்தி, இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பது. வலி ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அதுதான் வலி. அவர் முகம் மாறவே இல்லை. மாறாத முகம் நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய லாரியின் எடைச் சீட்டை நீட்டும்போது நானும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். என் இதயம் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்குதான் தள்ளுகிறது. தள்ள முடியாமல் தேங்குவதால் நுரையீரலிலும் காலிலும் நீர் சேருகிறது. இதற்குப் பெயர் ஹார்ட் ஃபெயிலியர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பிலோமி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபெயில் என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூடத்து அர்த்தம்தான் தெரியும்.

"நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "வேலைக்கு வருது, ஆனா பாதி வேலைதான் பார்க்குது. அத வச்சே ஒழுங்கா வாழ வைக்கலாம்."

ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் செய்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. இதயத்தின் தசையே தளர்ந்து பெரிதாகியிருக்கிறது, எப்போதோ வந்த ஒரு காய்ச்சல்கூடக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். காரணம் தெரியாத நோயோடு வாழ்வது ஒரு மாதிரியானது. கோபப்பட ஆள் கிடைக்காது.

ஒன்பது நாள் படுக்கை. சேர்ந்த அன்றைக்கு என் எடை எண்பத்து மூன்று கிலோ. நீரை வெளியேற்றும் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட அரைமணியில் ஓட வேண்டியிருக்கும், ஆனால் ஓடக் கூடாது. வெளியேறுவதை ஜாடியில் அளந்து நர்ஸ் எழுதுவார். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள், இதையும் அளக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். காலையில் ஆறு மணிக்கு எடை பார்க்கும் கருவியை உருட்டிக்கொண்டு வருவார்கள். எண்பத்தொன்று, எழுபத்தொன்பதரை, எழுபத்தெட்டு. மற்ற நோயாளிகள் சாமி படத்தில் கண் விழிக்கிறதுபோல் நான் அந்தக் கருவியில் கண் விழித்தேன். என் தொழில் என்னைத் தேடிக் கட்டிலுக்கே வந்திருக்கிறதே.

பயம் இல்லாமல் இல்லை. எதிர்க் கட்டில்காரரை ஒரு விடியற்காலை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவருடைய சோப்பு டப்பா மட்டும் ஜன்னலில் இரண்டு நாள் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பிலோமி என் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒன்பது நாளும் காலை ஷிப்டை முடித்துவிட்டு, கையில் இறால் வாசத்தோடு பஸ் ஏறி வந்தாள். உப்பே போடாத மீன் குழம்பு கொண்டுவருவாள். உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு உப்பில்லாத குழம்பு! வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தேன்.

"நானும் இதத்தான் திங்கேன்," என்றாள். "எனக்கு மட்டும் என்ன தேவாமிர்தமாவா இருக்கு?"

அதற்குப் பிறகு முகம் சுளிக்கவில்லை.

எழுபத்தைந்து கிலோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இது: தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டும், நீர் சேருகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். மாத்திரை தவறக் கூடாது. கொஞ்ச நாள் ஓய்வு, வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம், ஒரு மாதத்தில் மறுபடி பார்க்கலாம்.

இதில் பிலோமியின் காதில் விழுந்தது 'ஓய்வு' என்ற ஒரே சொல். அதற்குக் காரணம் இருந்தது. அவள் புன்னைக்காயல்காரி. அவளுடைய ஒரே அண்ணன் நாற்பத்தொரு வயதில், படகு எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தபடி கடற்கரை மணலில் விழுந்து செத்தார். நெஞ்சு பலவீனமானவன் அசையக் கூடாது என்பது அன்றிலிருந்து அவளுக்கு வேதவாக்கு.

ஆகவே நான் அசையவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால், "அங்கனயே இருங்க, நா கொண்டு வாரேன்." துண்டு எடுக்க எழுந்தால், "நா எதுக்கு இருக்கேன்?" செய்தித்தாளைக்கூட மடித்துக் கையில் கொடுத்தாள். கம்பெனிக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள், நான் கதவைத் திறந்தால் அங்கே ஒரு ஜன்னல் திறக்கும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், "பால் வாங்கிட்டு வாங்க, பல்பு மாத்துங்க, பரண்ல இருந்து அண்டாவ எறக்குங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது வேலை ஏவினவள், இப்போது ஒன்றுமே ஏவவில்லை. அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஏவ யாரும் இல்லாத ஆம்பிளை பாதி செத்தவன். இந்த வீட்டில் எனக்கு மறுபடி ஒரு வேலை கிடைக்குமா, இல்லை இப்படியே போர்த்திப் போர்த்தி என்னை முடித்துவிடுவாளா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

என் கையில் மிச்சம் இருந்த வேலை காலையில் எடை பார்ப்பது. அதை மனதாரச் செய்தேன். இங்கேதான் என் மண்டைக்கனம் விளையாடியது. நோய் வருவதற்கு முன், வேலைக்கான உடல் தகுதிச் சான்றிதழில் என் எடை எழுபத்தாறு. அதுதான் என் வண்டி எடை என்று முடிவு கட்டினேன். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் நல்லதுதானே? ஒளிந்திருந்த பழைய நீரும் இறங்குகிறது என்று அர்த்தம். எழுபத்து நாலு. எழுபத்து மூன்று. எழுபத்தொன்று.

"ஏளா பிலோமி, சரக்கு எறங்குது பாரு!" என்று கத்துவேன். அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அறுபத்தொன்பதரை ஆன அன்றைக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனோம். எண்கள் எழுதிய நோட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், கால்களை அழுத்தினார். "நீர் எதுவும் இல்லை. எப்பவோ போயிடுச்சு," என்றார். பிறகு, "மிக்கேல், கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்திரிங்க," என்றார்.

எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது தடவை முயன்றேன். தொடை நடுங்கியது. பிலோமி தூக்கிவிட ஓடி வந்தாள், டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது தடவை கொஞ்சம் உயர்ந்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

"நீர் போன பிறகும் எடை இறங்கியிருக்கே, அது என்னன்னு நினைச்சீங்க? அவ்வளவும் உங்க தசை."

இருபத்தாறு வருஷத்தில் நான் எடைபோட்ட எந்த லாரியும் நின்ற இடத்தில் தன் இரும்பைத் தானே தின்றதில்லை. வண்டி எடை மாறாது என்பது தொழிலின் அடிப்படை. மனுஷன் மட்டும் நிறுத்திப் போட்டால் கரைகிற வண்டி என்று எனக்கு யார் சொன்னார்கள்? சரக்கு இறங்குகிறது என்று நான் கத்தியபோதெல்லாம் இறங்கியது என் கால்.

கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி அறை. அங்கே பிசியோதெரபிஸ்ட் இசக்கியம்மாள், விளாத்திகுளத்துப் பெண், முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை. தாழ்வாரத்தில் ஆறு நிமிஷத்துக்குள் நம்மால் முடிந்த அளவு நடக்க வேண்டும், எவ்வளவு தூரம் என்று குறிப்பார்கள். நான் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்று, நூற்றுத் தொண்ணூறு மீட்டர் நடந்தேன்.

"இதயம் இவ்வளவு மோசமாம்மா?" என்று கேட்டேன்.

"இதயம் கொஞ்சம்தான், அண்ணாச்சி. மிச்சம் காலு," என்றாள் இசக்கி. பிறகு அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை வைத்து, சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, அவைதான் சக்தி தருகின்றன. இதயம் பலவீனமானால் உடம்பு பயந்துபோய் எப்போதும் ஒரு நெருக்கடியிலேயே இருக்கிறது, தசையைக் கரைத்துச் செலவுக்கு எடுக்கிறது. படுத்தும் கிடந்தால் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அப்புறம் ரத்தம் வந்தாலும் அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தசைக்குத் தெரியாது. ஆக்சிஜன் இல்லாமல் அரைகுறையாக எரிக்கும். அதில் லாக்டேட் என்ற பொருள் சீக்கிரமே சேரும். நாலு எட்டு வைத்ததும் கால் கனப்பதும் மூச்சு இரைப்பதும் அதனாலும்தான். இன்சுலின் சொல்வதையும் தசை கேட்காது, ரத்தத்தில் சர்க்கரை தங்கும். எனக்கும் சர்க்கரை எல்லையில்தான் நின்றது.

"பயிற்சி குடுத்தா அடுப்பு திரும்பப் பத்துமா?"

"பத்தும். புதுசாவும் வரும். காலு நல்லா வாங்கிக்கிட்டா, அதே நடைக்கு இதயம் கம்மியாத் தள்ளுனா போதும்."

எனக்கு அந்தக் கணக்குப் பிடித்தது. பிலோமிக்குப் பிடிக்கவில்லை. "நெஞ்சு சொகமில்லாத மனுசன சைக்கிள் மிதிக்கச் சொல்லுதாவளே, இது எந்த ஊரு நியாயம்?" என்று வழி முழுக்கப் புலம்பினாள். ஆனால் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். பிலோமி கூட வருவாள், ஆனால் அறைக்குள் வரமாட்டாள். வாசல் பெஞ்சில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள்.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷம் கைகால் அசைப்பது. பிறகு நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள், நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் வழியாகத் துடிப்பு திரையில் ஓடும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்பாள் இசக்கி. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதல் வாரம் ஐந்து நிமிஷம் மிதித்தேன். நாலாவது வாரம் பதினைந்து. கையை ஊன்றாமல் எழுந்த அன்று, அறையில் இருந்த மற்ற இரண்டு நோயாளிகளும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கை தட்டியதில்லை. பசி எடுக்க ஆரம்பித்தது. உப்பில்லாத குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் எடை ஏறத் தொடங்கியது. எழுபது. எழுபதரை. ஆறாவது வாரம் எழுபத்தொன்று.

அனுபவம் உள்ளவன் என்ன செய்திருக்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டும். என்னுடைய அனுபவமோ கழித்தல் கணக்கில். ஏறுகிறதா, அப்படியானால் நீர்தான் என்று நானே தீர்மானித்தேன். சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், பிலோமி மறுபடி கட்டிலில் போட்டுவிடுவாள். மாத்திரை டப்பா அவள் பொறுப்பு, வேளைக்கு எண்ணிக் கையில் வைப்பாள். ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஒரு அட்டை நீர் மாத்திரை தனியாக வாங்கி, தலையணை உறைக்குள் வைத்து, காலையில் ஒன்று கூடுதலாகப் போட்டேன். ஐந்து நாள். எடை இறங்கியது. நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் சைக்கிளிலிருந்து இறங்கும்போது கண்ணுக்கு முன் சுவர் சாய்ந்தது. விழித்தபோது கட்டிலில் கிடந்தேன், கையில் சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் எண்பத்து நாலுக்கு இறங்கிவிட்டதாம். பிலோமி தலைமாட்டில் நின்றாள். ஜெபமாலை அறுந்து மணிகள் அவள் உள்ளங்கையில் இருந்தன.

"போதும்," என்றாள் இசக்கியிடம். "இனிமே இவுக வரமாட்டாவ. ஒனக்கு என்னளா, இவுக இல்லன்னா இன்னொருத்தர். எனக்கு இவுக மட்டுந்தான்."

இசக்கி என் சார்ட்டை வைத்துக்கொண்டு, பெரிய குரல்காரி, சின்னக் குரலில் சொன்னாள்: "என் தப்பாத்தான்க்கா இருக்கும். இந்த வாரந்தான் சைக்கிள்ல இறுக்கத்த ஒரு பிடி கூட்டி வச்சேன். டாக்டர்ட்ட எழுதிக் குடுத்துருதேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேசாமல் இருந்தால் பழி பயிற்சியின் மேல் போகும், இந்தப் பிள்ளையின் மேல் போகும். என் கால்கள் மறுபடி கட்டிலுக்குப் போகும். பேசினால், இரண்டரை மாதமாக எனக்கு மாத்திரை எண்ணித் தருகிறவளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எது கஷ்டம் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

"அந்தப் பிள்ளையச் சொல்லாத," என்றேன். "நாந்தான். நீர் மாத்திர ஒண்ணு கூடப் போட்டேன். அஞ்சாறு நாளா. தலகாணி உறைக்குள்ள அட்டை இருக்கு."

இசக்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிலோமி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பையிலிருந்து என் மாத்திரை டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எங்க அண்ணன் எஞ்சின் தூக்கிச் செத்தான்னுதான் ஊரெல்லாம் சொல்லுது," என்றாள். "செத்து நாலு நாள் கழிச்சு மதினி சொன்னா. ஒரு வாரமா நெஞ்சு வலிச்சுருக்கு. யார்ட்டயும் சொல்லிராதன்னு அவ கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிருக்கான். அத நா இன்னிக்கு வர யார்ட்டயும் சொன்னதில்ல. தூக்குனதுனால செத்தான்னு நெனச்சுக்கிட்டா மனசுக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் அவன மாதிரியே மறைச்சிட்டீயளே."

அவள் அழுததை எழுத எனக்குச் சொல் இல்லை. நானும் அழுதேன். ஐம்பத்துநாலு வயதில், ஒரு கையில் ஊசியோடு, வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் பேசவில்லை. சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஏறுங்க, இன்னிக்குப் பயிற்சி நாளுல்லா," என்றாள். கையில் ஒரு பொட்டலம், அரைக் கிலோ இறால், ஓடு நீக்கிச் சுத்தம் செய்தது. அதை இசக்கியின் மேசையில் வைத்துவிட்டு, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், முதல்முறையாக அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு. இவுகளுக்கு ஏறுனது என்னது?"

இசக்கி என் தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். முதல் வாரத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். "தண்ணின்னா ரெண்டு மூணு நாள்ல மடமடன்னு ஏறும்க்கா. காலு வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். இது ஆறு வாரமா கொஞ்சங் கொஞ்சமா ஏறுனது. காலு கரைஞ்சதுல பாதியாவது திரும்ப வருது. ஆனா எதுவா இருந்தாலும் முடிவு பண்ண வேண்டியது நாங்க, அண்ணாச்சி இல்ல."

பிலோமி குனிந்து என் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினாள். எடுத்தாள். குழி விழவில்லை. பிறகு கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள், இறாலைப் பார்க்கிற அதே கண்ணோடு. "சரி, மிதிங்க," என்றாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. மறுபடி ஆறு நிமிட நடை: முந்நூற்று எழுபது மீட்டர், சுவரைத் தொடவில்லை. சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது. எக்கோவில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை, இருபத்தெட்டு முப்பத்திரண்டு ஆகியிருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டாக்டரம்மா சிரித்தார். இதயம் அவ்வளவுதான் மாறலாம், ஆனால் அதை நம்பி வாழும் உடம்பு மாறிவிட்டது, விடாமல் செய்யுங்கள் என்றார். எல்லோருக்கும் இது பொருந்தாது, நீர் வற்றி, மருந்து ஒத்துக்கொண்டு, டாக்டர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும். நானே டாக்டர் ஆனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான் காலையில் அரைமணி நேரம் நடந்து வந்தாலும், மாத்திரை டப்பாவை நானே வைத்துக்கொண்டு அவளிடம் காட்டிவிட்டுப் போட்டாலும், வீட்டுக்குள் பிலோமி இன்னும் எனக்கு ஒரு வேலை சொல்லவில்லை. நடக்கச் சம்மதித்தாள். ஏவுவதற்கு மனசு வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற காரியமா அது?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மதியச் சமையலுக்கு அவள் பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். எங்கள் ஊரில் மழை என்பது விருந்தாளி, சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும். திடீரென்று வானம் இருட்டி, பின்வாசல் தகரத்தில் பெரிய பெரிய துளிகள் விழுந்தன.

"ஏங்க! மழை! மாடில துணி கெடக்கு, ஓடுங்க, ஓடுங்க!"

நான் யோசிக்கவே இல்லை. பதினெட்டுப் படி. மேலே போய்த்தான் மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். வாங்கியது, ஆனால் போதுமான அளவு வந்தது. கொடியிலிருந்து சேலை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் உருவி மார்போடு அணைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறங்கினேன்.

படி முடிகிற இடத்தில் பிலோமி நின்றாள். கை இரண்டிலும் மீன் செதில். முகத்தில் ரத்தமே இல்லை. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. செதில் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கத் தெரியாது அவளுக்கு, ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டாள். என் மார்பில் இருந்த துணிக் குவியலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என் கம்பெனிச் சட்டை எங்க?"

"கொடியில இல்லியே."

"அந்த மூலைக் கம்பில போட்டுருந்தேன். கண்ணு எங்க இருக்கு ஒங்களுக்கு?" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் அதட்டல் அதட்டல்தான். "நாளைக்கு ஷிப்டுக்கு நா எதப் போட்டுக்கிட்டுப் போவேன்? போங்க, போய் எடுத்துட்டு வாங்க."

துணிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி படியேறினேன். இந்த முறை அவசரப்படவில்லை. பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே நிற்கவில்லை, மீன் கழுவப் போய்விட்டாள்.